வீட்டு நாய்க்குக் கண் வீங்கினால்...

நமக்கு மேல் இமை, கீழ் இமை என்று இரண்டுதான். நாய்க்கு மூன்று. மூக்குப் பக்கத்து மூலையில் இளஞ்சிவப்பாக மெல்லிய தோல் மாதிரி ஒன்று மடங்கி இருக்கிறதே, அதுதான் மூன்றாவது இமை. நாய் சௌக்கியமாக இருக்கும்போது அது அதிகம் வெளியே தெரியாது. கண்ணில் வலியோ உறுத்தலோ வந்துவிட்டால், திரை இழுத்தாற்போல் பாதிக் கண் வரைக்கும் வந்து மூடிக்கொள்ளும். "ஐயையோ, கண்ணுக்குள்ளே சதை வளர்ந்துடுச்சே!" என்று வீட்டில் பதறுவார்கள். சதை ஒன்றும் வளரவில்லை. உள்ளே ஏதோ தொந்தரவு, கவனி என்று அந்தத் திரை நமக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அடையாறில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறேன். எங்கள் தெருவில் நாய் இல்லாத வீடு குறைவு. பக், லாப்ரடார், பொமரேனியன், இரண்டு ராஜபாளையம், இவை போதாதென்று எல்லார் வீட்டுச் சோற்றையும் சாப்பிட்டு யார் வீட்டையும் சேராத தெரு நாய்கள். சாயங்காலம் பெண்கள் நாலு பேர் வாசலில் நின்று பேசினால், பிள்ளைகளின் படிப்புக்கு அடுத்தபடியாக அடிபடுவது நாயின் கண்ணும் காதும்தான். கடற்காற்றில் உப்பும் மணலும் வருகிறது. பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் நாய் சும்மா நடக்குமா? மூக்கு முழுக்க மணலுக்குள் விட்டுத் தோண்டும். வீட்டுக்குள்ளோ கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை, பினாயில். நாயின் முகம் நம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது என்பதை நாம் நினைப்பதே இல்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரை நமக்குச் சுத்தமாக மணக்கும். நாய்க்கோ அந்த நெடி நேரே கண்ணில் ஏறும். தரை நன்றாகக் காய்கிற வரை அதை மொட்டை மாடியிலோ வெளி வராந்தாவிலோ கட்டிவைப்பது நல்லது. போகியன்று காலையிலும் தீபாவளி இரவிலும் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வைத்திருங்கள்.

இப்படிப் புகையாலும் தூசியாலும் வருகிற சிவப்பு லேசானது. இரண்டு கண்ணும் கொஞ்சம் சிவந்திருக்கும், தண்ணீர் மாதிரி வடியும், ஆனால் நாய் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும், வழக்கம்போல் சாப்பிடும். இதற்கு மருந்துக் கடையில் ‘நார்மல் சலைன்’ என்று கேட்டு வாங்கி, அதனால் கண்ணைக் கழுவிவிட்டால் போதும். அது கிடைக்காத நேரத்தில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். ஒரு தடவை துடைத்த பஞ்சு குப்பைக்குத்தான். வலது கண்ணுக்குத் தொட்டதை இடது கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு நாளில் சிவப்பு தணிய வேண்டும். தணியவில்லையென்றால் அது வேறு விஷயம்.

வேறு விஷயம் எது என்பதை எங்கள் மணியை வைத்துச் சொல்கிறேன். மணி நாட்டு நாய். ஐந்து வயது. பூனையைக் கண்டால் தலைகால் புரியாது. ஒரு நாள் காலையில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய காகிதப்பூச் செடிக்குள் பாய்ந்துவிட்டு வந்து படுத்தவன் பத்து மணிக்குப் பாலுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இடது கண் பாதி மூடி, இமை உப்பி, அந்த மூன்றாவது இமை முக்கால் கண்ணுக்கு வந்திருந்தது. முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏம்மா, அது கண்ணைப் பாத்தியா? ஒரே பக்கமா வீங்கிக் கெடக்கு" என்று முதலில் காட்டியது என் மாமியார்தான்.

கொஞ்ச நேரத்துக்குள் வாசலில் ஒரு வைத்தியர் மாநாடே கூடிவிட்டது. இஸ்திரி போடுகிறவர், "அக்கா, எதிர் வீட்ல பச்சை உடம்புக்காரங்க இருக்காங்கல்ல, ரெண்டு சொட்டு தாய்ப்பால் வாங்கி விடுங்க, சாயங்காலத்துக்குள்ள சரியாப் போயிடும்" என்றார். இன்னொருத்தி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியச் சொன்னாள். விளக்கெண்ணெய், டீ டிகாக்ஷன், மஞ்சள் தண்ணீர் என்று ஆளுக்கு ஒன்று. எல்லாரும் நல்ல மனசோடு சொன்னவர்கள்தான். என் மாமியார் மட்டும் ஒரே வார்த்தையில் முடித்தார்: "கண்ணு விஷயத்துல கைவைத்தியம் கூடாதும்மா. எனக்குப் புரை எடுத்தப்போ டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. ஆட்டோவக் கூப்பிடு."

அவர் சொன்னது முழுக்கச் சரி. தாய்ப்பால் குழந்தைக்கு அமிர்தம். ஆனால் காயம்பட்ட கண்ணில் விட்டால் அதிலுள்ள இனிப்பும் சத்தும் கிருமிக்குத்தான் தீனியாகும். நந்தியாவட்டையைக் கிள்ளினால் பால் வடிகிறதல்லவா, அந்தப் பால் கண்ணை எரிக்கும். மஞ்சள் தூள் எவ்வளவு நைசாக அரைத்தாலும் தூள்தான்; கீறலின் மேல் போய் உராயும். சமையலறை விளக்கெண்ணெய்ப் பாட்டிலில் எத்தனை கை பட்டிருக்கும் என்று நமக்கே தெரியும்.

டாக்டரிடம் போனதும் அவர் செய்த பரிசோதனையைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை நனைத்து மணியின் கண்ணில் லேசாகத் தொட்டார். சலைனால் கழுவினார். அறை விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் அடித்தார். கருவிழியில் வெள்ளரி விதை அளவுக்கு ஒரு கோடு பச்சையாகப் பளபளத்தது.

"பாத்தீங்களாம்மா, இதுதான் கீறல். முள்ளு கிழிச்சிருக்கு. மேலாக இருக்கறதுனால பயமில்லை" என்றார். அந்தச் சாயத்துக்குப் பெயர் ஃப்ளோரசின். கருவிழியின் மேல்தோல் கிழிந்த இடத்தில் மட்டும்தான் ஒட்டும். நல்ல இடத்தில் ஒட்டாது. அதற்கப்புறம் கண் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, மூன்றாவது இமையைச் சின்னக் கிடுக்கியால் தூக்கிப் பின்னால் பார்த்தார். ஒட்டுப்புல் விதை, முள் முனை எல்லாம் அந்த மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம். கண்ணை எவ்வளவு கழுவினாலும் வராது. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் கருவிழியை அறுத்துக்கொண்டே இருக்கும். மணிக்கு நல்லவேளையாக அங்கே ஒன்றும் இல்லை. கிருமி சேராமல் இருக்கச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி அதே சாயம் வைத்துப் பார்த்தார், பச்சை இல்லை.

இந்தச் சாயப் பரிசோதனையை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் பக் நாய் வைத்திருந்தார்கள். அதற்கும் இதே மாதிரி ஒரு கண் சிவந்து வீங்கியது. அந்த வீட்டுப் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆகி, மீந்த சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. மனிதர் கண்ணுக்கு நல்லது நாய் கண்ணுக்கும் நல்லதுதானே என்று விட்டார்கள். முதல் நாள் சிவப்புக் குறைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நாலாம் நாள் கருவிழி வெந்த முட்டை வெள்ளை மாதிரி ஆகி, நடுவில் குழி விழுந்துவிட்டது. கடைசியில் கண்ணையே எடுக்கும்படி ஆயிற்று.

ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கிற சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பிரெட்னிசலோன், டெக்ஸாமெதசோன் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பாட்டியின் கண்ணுக்கு அது தேவை, வீக்கத்தை அடக்கும். ஆனால் கருவிழியில் கீறலோ புண்ணோ இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால், புண்ணை ஆறவிடாது. கிருமியை எதிர்க்கிற சக்தியையும் அடக்கிவிடும். கருவிழி உருகினாற்போல் ஆகி ஓட்டையே விழலாம். மேலுக்குச் சிவப்பு குறைவதால் குணமாகிறது என்று நாமும் ஏமாந்துபோவோம். சாயம் வைத்துப் பார்த்து, கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் டாக்டர்கள் ஸ்டீராய்டைத் தொடுவார்கள். ஆகவே வீட்டில் எந்தக் கண் மருந்து மீந்தாலும், அது மனிதருடையதோ போன தடவை நாய்க்கு வாங்கியதோ, தானாக எடுத்து விடாதீர்கள். வலி தீரட்டும் என்று நம் வீட்டு மாத்திரையையும் கொடுக்கக் கூடாது. இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம்; வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிடமாலும் டாக்டர் சொல்லாமல் கூடாது.

எந்த வீக்கத்துக்கு ஆட்டோ கூப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு கண்ணில் மட்டும் வந்து, நாய் அதைத் திறக்க மாட்டேன் என்றால் அன்றைக்கே போங்கள். பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் போங்கள். கருவிழி நீலம் பூத்தோ பால் கலந்தாற்போலோ மங்கினால், மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். கண் சிவந்து, முழி பெரிதாகத் தெரிந்து, பாப்பா விரிந்தபடியே நின்றுவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். கிளாக்கோமா என்று மனிதருக்குச் சொல்கிறார்களே, அதேதான். அதில் ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை என்று பார்க்க முடியாது.

இதற்கு நேர்மாறாக, பார்க்கப் பயங்கரமாக இருந்தும் சீக்கிரம் வடிகிற வீக்கமும் உண்டு. குளவி, தேனீ, எறும்பு கடித்தால் இரண்டு இமையும் மூக்கும் பணியாரம் மாதிரி உப்பிவிடும். சில நாய்களுக்குத் தடுப்பூசி போட்ட சில மணி நேரத்திலும் இப்படி வரும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மூச்சு இரைத்தால், வாந்தி எடுத்தால், தள்ளாடினால் போன் செய்து கொண்டிருக்க நேரமில்லை. தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

குட்டி நாய் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கண்ணிலும் பீளை, மூக்கிலும் சளி, காய்ச்சல், இருமல், சாப்பாட்டில் வெறுப்பு என்று சேர்ந்து வந்தால் அது கண் நோய் மட்டும் அல்ல. டிஸ்டெம்பர் என்கிற கொடிய வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். பிறகு வலிப்பில் கொண்டுபோய் விடும். பிழைப்பது கஷ்டம். ஆறு வாரம் முதல் எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்து, டாக்டர் சொல்கிற கணக்கில் தடுப்பூசிகளைப் போட்டு முடிப்பதுதான் ஒரே வழி. நம் ஊர் வெக்கையில் வருஷம் பூராவும் உண்ணி இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்குக் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்து சிவப்பதுண்டு. கண்ணைக் காட்டப் போனவர்களிடம் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால், "கண்ணுக்கு எதுக்கு ரத்தம்?" என்று சண்டை பிடிக்காதீர்கள்.

மூக்குப் பக்கத்து மூலையில் செர்ரிப் பழம் மாதிரி சிவப்பாக உருண்டு ஒன்று வெளியே வருவதை ‘செர்ரி ஐ’ என்றே சொல்கிறார்கள். மூன்றாவது இமையின் அடியிலுள்ள கண்ணீர்ச் சுரப்பி நழுவி வெளியே வந்துவிடுவதுதான் அது. முன்பெல்லாம் அதை வெட்டியே எடுத்துவிடுவார்கள். வெட்டினால் கண்ணீரில் ஒரு நல்ல பங்கு போய்விடும். பின்னாளில் கண் வறண்டு, பிசின் மாதிரி பீளை கட்டி, கருவிழி கறுத்துப்போகும். இப்போது உள்ளே தள்ளித் தைக்கிறார்கள். எனவே யாராவது "சின்ன சதைதான், நறுக்கிடலாம்" என்றால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

பக், ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு நாய்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அழகு என்று மூக்கைக் குட்டையாக்கிக் குட்டையாக்கி, கண்ணுக்குக் குழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். கண் முன்னால் பிதுங்கி நிற்கிறது. தூசி, முள், பூனை நகம் எல்லாம் அதில்தான் முதலில் படும். பிடரியை அழுத்திப் பிடித்தாலோ, வேறு நாய் கடித்து உலுக்கினாலோ கண் வெளியே வந்துவிடக்கூடும். அப்படி ஆனால் சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, காயவிடாமல் உடனே கொண்டுபோக வேண்டும்; நாமே உள்ளே தள்ளக் கூடாது. இந்த ஜாதி நாய்க்குக் கழுத்துப் பட்டை வேண்டாம்; மார்போடு மாட்டுகிற வார்தான் சரி. நம் கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் நீள மூக்கு. இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.

எங்கே காட்டுவது? நம் ஊருக்கு இதில் குறை இல்லை. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அங்குள்ள ஆஸ்பத்திரியில் கண்ணுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நாய்க்குப் புரை ஆபரேஷன்கூடச் செய்கிறார்கள். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்க வேண்டும், கூட்டம் இருக்கும். அடிபட்ட தெரு நாய் என்றால் கிண்டி புளூ கிராஸ். கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய அமைப்பு அது. அடையாறுக்காரர்கள் பெருமைப்பட இன்னொன்றும் இருக்கிறது. கலாக்ஷேத்ராவை உண்டாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டதும் மிருகவதைத் தடுப்புக்காக மசோதா கொண்டுவந்தார். அதன் பலனாகத்தான் 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். தக்க காரணம் இல்லாமல் வளர்த்த பிராணியைக் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். கண் தெரியாமல் போன நாயைக் கடற்கரையில் விட்டுவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது அலைச் சத்தத்துக்கு நடுவில் நின்று, கார் போன பக்கம் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. உண்மையில் கண் இல்லாத நாயை வைத்துக்கொள்வது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. அந்தப் பக் நாய் ஒற்றைக் கண்ணோடு மாடிப்படி ஏறி இறங்குகிறது. இரண்டும் போனாலும் மூக்கும் காதும் இருக்கிறது. நாற்காலி மேஜையை இடம் மாற்றாமல், தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே இடத்தில் வைத்தால் வீட்டை மனப்பாடம் செய்துகொள்ளும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இன்னொரு பயம் உண்டு: "நாய் கிட்டேருந்து மெட்ராஸ் ஐ வந்துடுமா?" வராது. 1918-ல் எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் முதலில் அடையாளம் கண்டதாகச் சொல்லப்படும் இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் தொற்றும். துண்டு, தலையணை, கை வழியாக. ஆனாலும் நாயின் பீளையைத் துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். இது மெட்ராஸ் ஐக்காக அல்ல, பொதுவான சுத்தத்துக்காக.

இனி, மருந்து விடுகிற விதம். முன்னால் நின்று பாட்டிலை நீட்டினால் எந்த நாயும் மிரளும். நாயை உட்காரவைத்து, அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி பின்னால் மண்டியிடுங்கள். இடது கையால் தாடையைத் தூக்கி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து மேல் இமையை இழுத்து ஒரு சொட்டு விடுங்கள். பாட்டில் முனை கண்ணில் படவே கூடாது. இரண்டு மருந்து இருந்தால் ஐந்து நிமிஷ இடைவெளி. சொட்டு மருந்து முதலில், களிம்பு கடைசியில். முடிந்ததும் ஒரு பிஸ்கட். மூன்றாம் நாள் மணி மருந்துப் பாட்டிலைக் கண்டதும் தானாக வந்து உட்கார ஆரம்பித்தான், பிஸ்கட் ஆசையில். வலியில் இருக்கிற நாய் சொந்த எஜமானியையே கடிக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும். முகம் தெரியாத தெரு நாயின் கண்ணைத் தனியாகத் தொடாதீர்கள். பல் பட்டுவிட்டால் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போய்விட வேண்டும்.

மருந்தைவிட முக்கியம், நாய் கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்வது. கழுத்தில் புனல் மாதிரி மாட்டுகிற வளையம் கடையில் விற்கிறது. உடனே கிடைக்காவிட்டால் பீரோவில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இரண்டைச் சேர்த்து, புனலாகச் சுருட்டி, ஓரங்களை அகலப் பிளாஸ்திரியால் ஒட்டிவிடலாம். மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரற்கடை நீளம் இருக்க வேண்டும். கழுத்துக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் போக இடம் வேண்டும். கழுத்தில் படுகிற ஓரத்துக்குப் பழைய வேட்டிக் கரையை மடித்துத் தைத்தால் உறுத்தாது. மருந்துப் பாட்டிலைத் திறந்த அன்றே தேதியை அதன் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். ஒரு மாதம் ஆனதும், பாதி மீந்திருந்தாலும், குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான்.